மலையக வீதியும் நடப்போர் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையக வீதிகளில் நிகழும் விபத்துக்களை ஓட்டுநரின் அவசரத்தாலும் நடப்போரின் கவனக்குறைவாலும் விளக்குவதே பெருவழக்காக உள்ளது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா றதெல்லப் பகுதியில் சுற்றுலாப் பஸ்ஸொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் இறந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய நிகழ்வுகளின் உடனடிக் காரணங்களை ஆராய்தல் அவசியமே. எனினும், அவற்றுக்கு அப்பாலும் ஒரு வினாவை நாம் எழுப்புதல் வேண்டும்: இவ்வீதிகள் யாருக்காக அமைக்கப்பட்டன?

ஆளுநர் எட்வேர்ட் பாண்ஸ் காலத்தில், 1820இல் தொடங்கப்பெற்ற கொழும்பு-கண்டி வீதிக்கு முதற்காரணம் இராணுவத் தேவையாகும். 1815இல் கைப்பற்றப்பட்டு, 1817-18இல் கிளர்ந்தெழுந்த கண்டிப் பிரதேசத்தை அடக்கியாள அது வேண்டப்பட்டது. கோப்பிப் பயிர் பரவியதும் அவ்வீதியே வணிகப் பாதையாயிற்று. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சியின் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். பின்னர் தோட்டங்களுக்கான கிளைவீதிகளின் செலவை அரசாங்கமும் தோட்டச் சொந்தக்காரரும் பகிர்ந்துகொள்ளும் முறை ஏற்பட்டது. செலவைப் பகிர்ந்தோர் அவ்விருவர். வீதியைத் தம் உடலுழைப்பால் ஆக்கியோர் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

அவர்களே அவ்வீதிகளில் மிகுதியாக நடந்தவர்களுமாவர். தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணிமாரின் பின்னே காட்டுவழியாக மாத்தளை நோக்கி ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியில் மடிந்தோர் பலர். கோப்பியை இறக்குவதற்கு 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. கோப்பியை ஆக்கியவரோ அதன் பின்னரும் பல்லாண்டுகள் வடபாதையில் நடந்தே வந்தனர். தலைமன்னார் வழியான கப்பல்-புகையிரதத் தொடர்பு 1914இலேயே கிட்டியது. பண்டத்தின் பயணம் மனிதரின் பயணத்தை முந்திய இவ்வுண்மை, பெருந்தோட்ட உற்பத்தி உறவுகளின் தன்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

மாட்டுவண்டியின் வேகம் நடப்பவரின் வேகத்தினின்று பெரிதும் வேறுபட்டதன்று. ஆதலின் இருவரும் ஒரே வீதியில் செல்வது அரிதாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த மோட்டார் வாகனம் இச்சமநிலையைக் குலைத்தது. மலைநாட்டில் அது முதலில் துரைமாரின் ஊர்தி. துரைக்கு ஒதுங்கி நிற்றல் தோட்ட ஒழுங்கின் கூறாயிருந்த சூழலில், அவ்வொதுங்கல் அவரது வாகனத்துக்கும் உரியதாயிற்று. யாழ்ப்பாணச் சமவெளியில் உழைப்பாளியின் கைக்குச் சைக்கிள் எட்டியது. செங்குத்தான மலைச்சரிவிலோ அதுவும் உதவவில்லை. நடையே தொழிலாளரின் ஊர்தியாக நிலைத்தது.

தோட்டங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளுக்கு மாறியது. உடைமை மாறினும் லயத்துக்குச் செல்லும் பாதையின் நிலை மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைநிதி செல்வதற்குத் தடையாக அமைந்தது. வாக்களித்த தொழிலாளிக்குத் தன் சபையிடம் பாதையோரம் கேட்கவும் வழியில்லாதிருந்தது. 2018இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. வீதிப் பாதுகாப்பு குடியுரிமைப் பிரச்சினையின் ஓர் அங்கம் என நாம் கருதுவது இதனாலேயாகும்.

எனவே, “கவனமாக நடவுங்கள்” என்னும் அறிவுரை மட்டும் போதாது. ஒருபுறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமுமாக, ஒதுங்குவதற்கு ஓர் அடி நிலமும் இல்லாத வளைவில் பாடசாலைப் பிள்ளை எங்கே நடப்பது? நடைபாதை, தடுப்புச் சுவர், லயச் சந்திகளில் வேகக் கட்டுப்பாடு ஆகியன சலுகைகளல்ல. நெடுங்காலக் கடனின் திருப்பிச் செலுத்தலாகும்.

மலைவீதியில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிடுதல் மரபு. சுமையோடு ஏறுபவருக்கே முதலிடம் என்பது அதன் சாரம். கொழுந்துச் சாக்கைத் தலையிற் சுமந்து மேடேறும் பெண்ணுக்கு அம்மரபு இன்னும் உரித்தாகவில்லை. அவளுக்கும் அது உரித்தாகும் நாளிலேயே மலையக வீதி பொதுவீதி எனும் பெயருக்குத் தகுதிபெறும்.