எச்.ஐ.வி தொற்றுடன் முதுமை: முன்கூட்டியே வரும் உடல் நலிவைக் கண்டறிவது எப்படி?

எச்.ஐ.வி தொற்றுக்கான இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை மத்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அக்காலத்தில் இளம் வயதில் சிகிச்சையில் சேர்ந்தவர்களில் பலர் இன்று 50 வயதைக் கடந்துள்ளனர். தொற்றுடன் நீண்ட காலம் வாழ இயலும் என்பது உறுதியாகியுள்ள நிலையில், முன்கூட்டியே வரும் முதுமை புதிய சவாலாகியுள்ளது.

உடல் நலிவு என்றால் என்ன?

சாதாரண காய்ச்சல், கீழே விழுதல் போன்ற சிறு பாதிப்பிலிருந்தும் மீளும் திறனை உடல் இழந்துவிடும் நிலையே நலிவு எனப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைட் தலைமையிலான குழு 2001-ல் இதற்கு ஐந்து அறிகுறிகளை வகுத்தது. காரணமின்றி எடை குறைதல், தொடர் சோர்வு, கைப்பிடி வலு குறைதல், நடை வேகம் குறைதல், உடல் உழைப்பு குறைதல் ஆகியவை அவை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை இருப்பின் நலிவு. ஒன்றோ இரண்டோ இருப்பின் அதற்கு முந்தைய நிலை.

பொதுவாக 65 வயதுக்குப் பின் காணப்படும் இந்நிலை, எச்.ஐ.வி தொற்றுடையோரிடம் 50 வயதுகளிலேயே தென்படுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

காரணங்கள்

மருந்துகள் வைரஸின் பெருக்கத்தைத் தடுத்தாலும் அதை உடலிலிருந்து முற்றிலும் அகற்றுவதில்லை. இதனால் நோய் எதிர்ப்பு மண்டலம் ஓய்வின்றி இயங்குகிறது. இந்தத் தொடர் அழற்சி இதயம், எலும்பு, தசை, மூளை ஆகியவற்றைப் பாதிக்கிறது. ஸ்டாவுடின் போன்ற பழைய மருந்துகளின் பக்கவிளைவுகள், தாமதமாகத் தொடங்கிய சிகிச்சை, புகைப்பழக்கம், மன அழுத்தம் ஆகியவையும் பாதிப்பை அதிகரிக்கின்றன. எனவே, பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவருக்கும் நலிவு ஏற்படலாம்.

மீள வழி உண்டு

நலிவைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெருமளவு மீள முடியும். 4 மீட்டர் தூரத்தை இயல்பாக நடந்து கடக்க 5 விநாடிகளுக்கு மேல் ஆனால் மருத்துவரை அணுகுவது நல்லது. தசைகளுக்கு வலுவூட்டும் உடற்பயிற்சி, புரதம் நிறைந்த உணவு, புகையிலையைத் தவிர்த்தல் ஆகியவை பயனளிக்கும். இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் நடத்தப்பட்ட 'ரிப்ரீவ்' ஆய்வில், பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரை எச்.ஐ.வி தொற்றுடையோரின் இதய நோய் பாதிப்புகளைச் சுமார் 35 சதவீதம் குறைத்தது 2023-ல் தெரியவந்தது.

வயது கூடும்போது மாத்திரைகளும் கூடுகின்றன. டொலுடெகிராவிர் மருந்து, நீரிழிவுக்கான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நேர இடைவெளியின்றி உட்கொண்டால் டொலுடெகிராவிரின் பலன் குறையலாம். புறக்கணிப்புக்கு அஞ்சி, பிற நோய்களுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் தொற்றை மறைப்போருக்கு இது ஆபத்தாகிறது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. பாதிக்கப்பட்டோர் மாநில அளவிலான குறைதீர்ப்பாளரிடம் புகார் அளிக்கலாம். ஆலோசனைக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 என்ற கட்டணமில்லா எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.