தோட்டத்துப் பெற்றோரும் விடலைப் பருவமும்

மனித வாழ்வைப் பருவங்களாகப் பகுத்துப் பெயரிட்டு வழங்கியவர்கள் தமிழர்கள். பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாக வகுத்தன. ஆணின் பருவங்களும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் எனப் பெயர் பெற்றன. இன்று நாம் வழங்கும் 'விடலைப் பருவம்' என்னும் தொடர் அப்பழம்பெயரை நினைவூட்டுவதாகும்.

இவ்வாறு ஒவ்வோர் அகவைக்கும் பெயர் சூட்டிய இனத்தின் மக்கள் மலாயா நாட்டு இரப்பர்த் தோட்டங்களில் குடியேறியபோது, அவர்தம் பிள்ளைகளின் வாழ்விலிருந்து ஒரு பருவமே மறைந்துபோயிற்று. பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட அப்பருவம் எவ்வாறு மறைந்தது, எவ்வாறு மீண்டது, மீண்டபோது பெற்றோர் எத்தகைய இடர்ப்பாட்டிற்கு உள்ளாயினர் என்பவற்றை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டகையிலிருந்து வெளிக்காட்டிற்கு

1907ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டபின், தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் பெருந்தொகையினராய் வந்து சேர்ந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ 1938 வரை நிலைத்தது. வந்தவர்களில் தொடக்கத்தில் தனி ஆடவரே மிகுதி. பின்னர்ப் பெண்டிர் வந்தனர், குடும்பங்கள் அமைந்தன, லயத்து வீடுகளில் பிள்ளைகள் பிறந்தனர்.

அப்பிள்ளைகளின் வாழ்க்கைப் பாதை நேர்க்கோடு போன்றது. விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குச் செல்லும்போது கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் செல்லும். சற்று வளர்ந்த பிள்ளை சில காலம் தோட்டப் பள்ளிக்குச் செல்லும். பத்துப் பன்னிரண்டு வயதில் மங்கு துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் புல் பிடுங்கவும் தொடங்கிவிடும். கொட்டகையில் தொடங்கிய வாழ்வு பள்ளியைத் தொட்டும் தொடாமலும் வெளிக்காட்டில் சென்று முடிந்தது.

இதனைப் பெற்றோரின் அன்பின்மை என்று கொள்வது பெரும் பிழையாகும். 1920களின் இறுதியில் நிருணயிக்கப்பட்ட நாட்கூலி ஆடவர்க்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசுமாக இருந்தது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியபோது அதுவும் குறைக்கப்பட்டது. வேலையிழந்தோர் பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்நிலையில் ஒரு சிறுவனின் இரு கைகள் குடும்பத்தின் அடுப்பெரிவதற்குத் துணைபுரிந்தன. வீட்டிலோ, மூத்த பெண்பிள்ளையே தம்பி தங்கையர்க்கு இரண்டாம் தாய் ஆனாள். அவள் பூப்பெய்தியதும் பள்ளி வாழ்வு முடிந்தது. பின்னர்த் திருமணப் பேச்சு.

சட்டம் முற்றிலும் கண்மூடி இருந்ததெனக் கூறுவதற்கில்லை. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி ஒன்று நடத்தப்பட வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்புக்கு இவ்விதியே காரணம். ஆயினும் பல இடங்களில் லயத்து அறையே பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியர். அப்பள்ளி எழுத்தறிவைத் தந்தது. தோட்டத்திற்கு வெளியே செல்லும் வழியைத் தரவில்லை. தந்தை செய்த தொழிலையே மகனும் செய்தான். ஆதலின் மகன் அறிந்த உலகத்தைத் தந்தையும் முழுமையாக அறிந்திருந்தான். பெற்றோர்க்கும் இளையோர்க்கும் இடையே வறுமை இருந்தது. ஆனால் விளங்காமை இருக்கவில்லை. இக்கருத்தை ஈண்டு நினைவில் இருத்துதல் வேண்டும்.

போர் பறித்த இளமை

1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம், பர்மா நாடுகளை இணைக்கும் இரயில் பாதை அமைக்கத் தோட்டத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1943இல் அப்பாதை முடிவுற்றபோது, சென்றவர்களில் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மாண்டிருந்தனர். தந்தை திரும்பாத வீடுகளில் பதின்மூன்று, பதினான்கு வயது மகனே குடும்பத் தலைவன் ஆனான். மரவள்ளிக் கிழங்கு நட்டுத் தாயையும் தங்கையையும் காத்த சிறுவர்கள் எத்தனையோ பேர்.

அதே 1943ஆம் ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். ஜான்சிராணிப் படையில் பதின்ம வயதுத் தமிழ்ப்பெண்கள் பலர் தோட்டங்களிலிருந்தும் சென்று சேர்ந்தனர். வாயிற்படி தாண்டலாகாது என்று வளர்க்கப்பட்ட மகள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்ததைக் கண்ட பெற்றோரின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்? அச்சமும் பெருமிதமும் ஒருங்கே கலந்த அவ்வுணர்வு, நம் பெற்றோர்க்கு அதுவரை பழக்கமற்றது. பிள்ளை தான் அறியாத ஓர் உலகிற்குள் அடியெடுத்து வைப்பதைத் தோட்டத்துத் தாய் அன்றுதான் முதன்முறையாகக் கண்டாள் எனலாம்.

பள்ளி திறந்த கதவு

விடுதலைக்குப் பின்னரே உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தன. 1962இல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. 1965இல் இடைநிலைப்பள்ளி நுழைவுக்கு இருந்த தேர்வுத்தடை நீங்கி, ஆறாம் ஆண்டை முடித்தோர் மூன்றாம் படிவம் வரை பயிலும் வாய்ப்புத் திறந்தது. 14 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்தம் உழைப்புக்கு எல்லை வகுத்த சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. மறைந்துபோன விடலைப் பருவம் தோட்டத்திற்கு மீண்டது இந்த ஆண்டுகளில்தான்.

ஆனால் மீண்டது தனியே மீளவில்லை. புதிய சிக்கலொன்றையும் உடன் கொணர்ந்தது. மலேசியாவில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிவுறுகிறது. சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1960 முதல் இடைநிலைக் கல்வியைத் தமிழில் தந்தது. அதுவும் 1982இல் மூடப்பட்டது. ஆகவே தோட்டத்துப் பிள்ளை, புகுமுக வகுப்பில் ஓராண்டு வேற்றுமொழி கற்று, பின்னர்ப் பட்டணத்துப் பள்ளியில் முதலாம் படிவம் புகுந்தது. வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்னும் பிளவு நேர்ந்தது எந்த வயதில்? உடலும் உள்ளமும் மாறுகின்ற பதின்மூன்றாம் வயதிலேதான்.

பெற்றோரின் அன்றாடச் சிக்கல்கள் இங்கே தொடங்குகின்றன. விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தாய், பள்ளிக்குப் புறப்படும் மகனைப் பார்ப்பதில்லை. பேருந்துக் கட்டணம், காலணி, பாடநூல் என்று செலவுகள் பெருகின. பட்டணத்து நண்பர்கள் யாவர் எனத் தெரியாது. 1969இல் வேலை உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்ப நேர்ந்தது. பன்னிரண்டு வயதில் பெற வேண்டிய அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலைந்த குடும்பங்களும் உண்டு. ஒரு தாளின் இன்மையால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் இருண்டதை அக்காலத்து ஆசிரியர்கள் நன்கறிவர்.

சிவப்பு மை

இவ்விடத்தில் என் வாழ்விலிருந்து ஒரு செய்தியைக் கூறுதல் பொருத்தமாகும். 1974ஆம் ஆண்டு நான் இரண்டாம் படிவத்தில் பயின்றேன். என் தந்தையார் பால்மரத் தொழிலாளி. தமிழில் தம் பெயரை மட்டும் எழுதுவார். அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் ஏட்டை அவரிடம் நீட்டினேன். அதில் ஐந்து பாடங்களின் எண்கள் சிவப்பு மையில் இருந்தன. "இது ஏன் சிவப்பாக இருக்கிறது, ஐயா?" என்று வினவினார். "நல்ல மதிப்பெண்ணைச் சிவப்பில் எழுதுவார்கள், அப்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையொப்பமிட்டார். அந்த மலர்ச்சி இன்றும் என்னைச் சுடுகிறது.

இரண்டு நாள் கழித்து அவர் அப்பெருமையைத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் பகிர்ந்துகொண்டார். உண்மை வெளிப்பட்டது. அன்றிரவு அடி விழும் என்று நடுங்கியிருந்தேன். தந்தையார் என்னை அடிக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து, "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்றார். மலாயில் இருந்த அறிவியல் பாடத்தைத் திக்கித் திணறித் தமிழில் சொன்னேன். விளங்காத இடங்களில், "மறுபடி சொல்" என்றார். அவ்விடங்களெல்லாம் எனக்கே விளங்காத இடங்கள் என்பதைச் சில நாள்களில் உணர்ந்தேன். அவர்க்குப் புரியவைப்பதற்காக நான் புத்தகத்தை மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று. பிற்பாடு அறிந்தேன், அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவர் அத்தமிழாசிரியரே என்று. அதே பிழையைச் செய்த என் வகுப்புத் தோழன் ஒருவனை அவன் வீட்டார் அடித்துப் பள்ளியைவிட்டு நிறுத்தினர். மூன்று திங்களில் அவன் பால்வாளி சுமந்தான். அவன் என்னினும் அறிவில் குறைந்தவனல்லன்.

தந்தையார்க்கு என் ஏட்டைப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கத் தெரிந்திருந்தது. அதற்கும் ஓர் ஆசிரியரின் துணை வேண்டியிருந்தது.

இடம்பெயர்ந்த தலைமுறை

1970களில் ஏற்றுமதித் தொழில் மண்டலங்கள் எழுந்தன. பதினெட்டு வயதைத் தொட்டும் தொடாத பெண்பிள்ளைகள் ஆலைப் பேருந்தில் ஏறி இரவு வேலைக்குச் சென்றனர். மகளின் சம்பளத்தை வாங்கிய தாய், மகளின் நேரத்தைக் கேட்கத் தயங்கினாள். பின்னர் இரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனையும் அகன்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. தோட்டம் விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குச் சென்ற குடும்பம் வீட்டை மட்டும் இழக்கவில்லை. தோட்டத்தில் ஒரு சிறுவன் தவறு செய்தால் லயமே கண்டிக்கும்; கோயில் திடலில் பெரியவர் ஒருவர் காதைத் திருகுவார். பட்டணத்தில் அந்தக் கண்கள் இல்லை. அவ்விடத்தை நிரப்பத் தீய கூட்டாளிகள் வந்தனர். இளைஞர்கள் குண்டர் கும்பல்களில் சேர்ந்த துயரத்தின் வேர்களுள் இதுவும் ஒன்றாகும்.

இவ்வெறுமையை நிரப்பச் சமுதாயமும் முயன்றது. கல்வி சமூக ஆய்வு அறவாரியம் 1979இலும், ஸ்ரீ முருகன் நிலையம் 1982இலும், சிங்கப்பூரில் சிண்டா 1991இலும் தோன்றின. இவை மாணவர்க்குப் பாடம் கற்பித்ததோடு நில்லாமல், பெற்றோரையும் கல்விப் பணியில் பங்கேற்கச் செய்ய முயன்றன. பெற்றோர் அறியாதவரை பிள்ளையின் கல்வி முழுமை பெறாது என்னும் உண்மையை அனுபவம் கற்பித்திருந்தது.

பெற்றோரின் குரலுக்குச் சட்டத்திலும் இடமுண்டு என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது. இடைநிலைப்பள்ளியில் பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டினால் தாய்மொழி வகுப்பு நடத்த வகை செய்யப்பட்டது. அவ்வேண்டுகோளை எழுதத் தெரியாத பெற்றோர்க்கு எழுதிக்கொடுத்த தமிழாசிரியர்களால்தான் பல பள்ளிகளில் தமிழ் வாழ்ந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. ஒவ்வொரு காலமும் இளையோர் கையில் பெற்றோர் படிக்க இயலாத ஓர் ஏட்டைத் தருகிறது. அன்று அது மலாய்மொழி மதிப்பெண் ஏடு. இன்று அது திறன்பேசியின் திரை. அன்றைய தந்தை சிவப்பு மையைக் கண்டு மயங்கியதுபோல், இன்றைய தாய் மகளின் திரையில் ஓடும் உரையாடல்களைக் கண்டு திகைக்கிறாள். இந்நாளைய பெற்றோர் பட்டதாரிகளாகவும் இருக்கலாம், திகைப்பு ஒன்றே.

திறன்பேசியைப் பறித்தல் அடித்தலுக்கு நிகர். கண்டும் காணாதிருத்தல் கையொப்பமிட்டு ஏமாறுதலுக்கு நிகர். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது விளக்கின் முன் அமர்ந்து, "எனக்குச் சொல்" என்று கேட்பதாகும். கேட்பவர் நடிக்காமல் கேட்டல் வேண்டும். விளங்காததை விளங்கவில்லை என்று நாணமின்றிக் கூறல் வேண்டும். வள்ளுவர் மக்கட்பேற்றில் தந்தையின் கடன் மகனை அவையத்து முந்தியிருக்கச் செய்தல் என்றார். எழுத்தறியாத் தந்தையும் அக்கடனை ஆற்றியதற்கு நம் தோட்டங்களே சான்று.

தமிழாசிரியர்களே, உங்கள் வகுப்பில் ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளை உங்கள் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுவதாக எண்ணற்க. அப்பிள்ளையின் பெற்றோர் நாளை ஒரு சிவப்பு எண்ணைப் பற்றியோ ஒரு திரையைப் பற்றியோ உங்களிடம் வந்து வினவலாம். அன்று நீங்கள் அவர்க்கு உண்மையைச் சொல்லுங்கள். உடன் ஒரு வழியையும் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் பெற்றோர் படிக்க இயலாத ஏட்டை நீங்களே அவர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் மலர்வது உண்மையால் ஆகட்டும்.