இரண்டு டிகிரி

செம்பவாங் பூங்காவின் படகுத்துறையில் நின்றால் எதிரே ஜோகூர். அந்தப் பக்கத்து வீடுகளில் ஆஸ்ட்ரோ டிஷ் சாதாரணம். இந்தப் பக்கம் எங்கள் வீவக புளோக்குகளில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. உரிமம் இல்லாமல் சிங்கப்பூர் வீட்டில் டிஷ் வைக்கக் கூடாது. பதிலுக்கு 1990களில் வீடுவீடாகக் கேபிள் இழுத்தார்கள்.

அதனால் நான் டிஷ்ஷை முதன்முதலில் தொட்டது தஞ்சாவூர்ப் பக்கம், அப்பாயி வீட்டு மொட்டைமாடியில். 2010 டிசம்பர் விடுமுறை. மழைக்காற்றில் அசைந்துபோயிருந்ததைச் சித்தப்பா நகர்த்த, நான் படிக்கட்டில் நின்று கத்துவேன்.

"வந்துச்சா?"

"இல்ல சித்தப்பா!"

"இப்ப?"

"வந்துச்சு... போயிருச்சு!"

அதே வருஷம் தமிழ்நாட்டில் எத்தனையோ மாடிகளில் இது நடந்திருக்கிறது, காற்று அடிக்காமலே. ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளில் ஒன்று மின்சாரம் தருவதில் கோளாறு. 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை இஸ்ரோ அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் அந்தக் கோளை நம்பியே ஓடிக்கொண்டிருந்தது. (ஸ்டக்ஸ்நெட் வைரஸ்தான் காரணம் என்று பிறகு ஒரு கதை கிளம்பியது. இஸ்ரோ மறுத்தது. எனக்கும் நம்பிக்கையில்லை.)

பொதுவாகப் படம் போனால் கோளாற்றைக் கீழேதான் தேட வேண்டும். பெட்டியிலிருந்து டிஷ் முனையிலுள்ள எல்என்பிக்குப் போகும் அதே வயரில் 13 வோல்ட் போனால் ஒரு வகை அலை, 18 போனால் இன்னொன்று. பாதி சானல் மட்டும் காணாமல்போனால் துருப்பிடித்த கனெக்டரில் வோல்டேஜ் இறங்குகிறதா என்று பார்க்கலாம். இரண்டு கோள்களை ஒரே பெட்டியில் பார்ப்பவர்களுக்கு நடுவில் டைசெக் சுவிட்ச் இருக்கும். ஒரு கோள் மட்டும் வராவிட்டால் அதன்மீது சந்தேகம். அந்த ஜூலையில் வயரை எத்தனை தடவை கழற்றி மாட்டியிருந்தாலும் பலனில்லை. கோளாறு 36,000 கிலோமீட்டர் மேலே.

சன் டைரக்ட் மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. 93.5 டிகிரி கிழக்கிலிருந்து 91.5க்கு. காகிதத்தில் இரண்டே டிகிரி, விண்வெளியில் ஏறத்தாழ 1,470 கிலோமீட்டர். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் மூன்று டிகிரி, அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்கு ஒன்றரை. இரண்டு டிகிரி அதற்கு வெளியே போய்விடுகிறது.

சரி, அதே டிஷ்ஷில் இன்னொரு எல்என்பியைச் சேர்த்து, சுவிட்ச் போட்டுவிடலாமே? பல்கலையில் ஆன்டெனா பாடம் படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வருகிறது. எல்என்பியின் தலையே அதைவிடப் பலமடங்கு அகலம்! ஆக, மாடி ஏறி, நட்டைத் தளர்த்தி, குடையைத் திருப்புவதைத் தவிர வழியில்லை. வீடுவீடாக ஸ்பேனருடன் ஏறிய டெக்னீஷியன்களைப் பற்றி யாரும் ஒரு பக்கம்கூட எழுதியதாக நான் படித்ததில்லை.

ஆஸ்ட்ரோவும் அதே மீசாட்-3லிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கு மேலே நிற்கும் ஒரே புள்ளியை ஜோகூர்த் தமிழ் வீடு மேற்கே பார்த்தது, தஞ்சாவூர் வீடு தென்கிழக்கே பார்த்தது. நடுவிலிருந்த நாங்கள் சுவரிலிருந்த கேபிள் முனையைப் பார்த்தோம்.

அப்பாயி வீட்டில் இப்போது எல்லாரும் போனில் பார்க்கிறார்கள். டிஷ் மட்டும் இன்னும் தென்கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் காலில் கொடி கட்டி அப்பாயி புடவை காயப்போடுகிறார்.