செம்பு மலையும் வாக்குச் சீட்டும்



நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சமயம். தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கையில் எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஒரு லாரி வந்தது. குடும்பத்துக்கு ஒரு மூட்டை அரிசி என்று இறக்கி வைத்தார்கள். என் பாட்டியும் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு லாரியில் நின்றவரைப் பார்த்து, “தம்பி, இது யார் வீட்டு அரிசி?” என்று கேட்டார். “உங்களுக்குத்தான் ஆயா, சாப்பிடுங்க” என்றார் அவர். பாட்டி விடவில்லை. “எனக்குன்னு தெரியுது. யாரு கொடுக்கிறாங்கன்னுதான் கேக்கிறேன்.” லாரி அடுத்த லயத்துக்குப் போய்விட்டது. பதில் வரவில்லை.

பாட்டி கேட்ட அந்தக் கேள்வியை ஒரு மாநிலமே நூறாண்டுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள மொன்டானா என்ற மாநிலம் அது. அதன் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மொன்டானா பரப்பளவில் நம் மலேசியா முழுவதையும்விடப் பெரியது. ஆனால் மக்கள் தொகை மிகக் குறைவு. 1900இல் அங்கே ஏறத்தாழ 243,000 பேர்தான் வாழ்ந்தார்கள். புல்வெளியும் மலையும் மாட்டுப் பண்ணையும் கோதுமை வயலுமாகப் பரந்து கிடந்த நாட்டுப்புறம் அது. அமெரிக்க ஒன்றியத்தில் அது ஒரு மாநிலமாகச் சேர்ந்தது 1889இல்.

அந்த மாநிலத்தில் பியூட் என்ற ஊர். அங்குள்ள குன்றுக்கு அடியில் ஏராளமான செம்பு இருந்தது. மின்சார விளக்கும் தொலைபேசியும் உலகில் பரவத் தொடங்கிய காலம் அது. இன்று உங்கள் வீட்டில் விசையைத் தட்டியதும் விளக்கு எரிகிறதே, அந்த மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிக்குள் இருப்பது பெரும்பாலும் செம்புதான். கம்பிக்குச் செம்பு தேவை, செம்புக்குப் பியூட் தேவை என்றாயிற்று. அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். நம் முன்னோர் கடல் கடந்து வந்து பால்மரம் வெட்டியது போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

செம்பினால் பெரும் பணம் சேர்த்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் வில்லியம் கிளார்க். மற்றவர் மார்க்கஸ் டேலி. டேலிக்குப் பின்னால் சான் பிரான்சிஸ்கோ நகரத்து முதலாளிகளின் பணம் இருந்தது. இருவருக்கும் ஆகாது. 1894இல் மாநிலத்தின் தலைநகர் எது என்று மக்கள் வாக்களித்தபோது, டேலி அனகோண்டா என்ற தம் ஊருக்காகவும், கிளார்க் ஹெலினா நகருக்காகவும் பணத்தை வாரி இறைத்தார்கள். ஹெலினா வென்றது.

கிளார்க்குக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. வாஷிங்டனில் உள்ள செனட் சபையில் உறுப்பினராக வேண்டும். அந்தக் காலத்தில் செனட் உறுப்பினரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். மொன்டானா சட்டமன்றத்தில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அப்படியானால் ஐம்பது பேரைப் பிடித்தால் போதும் அல்லவா? ஆளில்லாத நாட்டுப்புற மாநிலத்துக்குப் பணக்காரர் கண் போவதற்கு இதுவே காரணம். அங்கே பதவியின் விலை மலிவு.

1899 ஜனவரியில் ஃபிரெட் ஒயிட்சைட் என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் சபையில் எழுந்து நின்றார். உறையில் போடப்பட்டிருந்த 30,000 டாலரைக் காட்டினார். கிளார்க்குக்கு வாக்களிக்கக் கொடுக்கப்பட்ட லஞ்சம் இது என்றார். இது எதிரிகளின் சூழ்ச்சி என்றது கிளார்க் தரப்பு. முடிவு என்ன தெரியுமா? ஒயிட்சைட்டின் தேர்தலே செல்லாது என்று சொல்லி அவரைத்தான் சபையிலிருந்து வெளியேற்றினார்கள். கிளார்க் தேர்ந்தெடுக்கப்பட்டார்!

வாஷிங்டன் செனட் சபை விசாரணைக் குழு அமைத்தது. இந்தத் தேர்தல் செல்லாது என்று குழு ஒருமனதாகச் சொன்னது. 1900 மே மாதம் கிளார்க் தாமாகவே பதவி விலகினார். அப்போது மொன்டானா ஆளுநர் வெளிமாநிலம் போயிருந்தார். அவர் வெளியூரில் இருக்கும்படி கிளார்க்கின் ஆட்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். துணை ஆளுநர் கிளார்க்குக்கு வேண்டியவர். காலியான இடத்துக்கு அவர் யாரை நியமித்தார்? அதே கிளார்க்கை! பணம் பாதாளம் மட்டும் பாயும் என்று நம் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. அந்த நியமனம் எடுபடவில்லை என்றாலும், 1901இல் கிளார்க் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆறாண்டுகள் செனட்டில் இருந்தார்.

இதற்கிடையில் இவர்களைவிடப் பெரிய பணம் உள்ளே வந்தது. 1899இல் நியூயார்க்கில், ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் தலைவர்கள் சிலர் ஒரு செம்பு நிறுவனத்தைத் தொடங்கி, டேலியின் அனகோண்டா சுரங்கங்களை வாங்கினார்கள். மொன்டானாவின் பெரும்பகுதி வேலை, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவர்களின் கைக்குப் போய்விட்டது.

அந்தப் புதிய நிறுவனத்தை எதிர்த்துப் பியூட்டில் நின்றவர் ஹைன்சி என்ற இளம் சுரங்க முதலாளி. அவரும் உத்தமர் அல்லர். உள்ளூர் நீதிபதிகள் அவருக்குச் சாதகமாக இருந்தார்கள். 1903 அக்டோபரில் ஒரு நீதிபதி, நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். அன்றே நிறுவனம் தன் சுரங்கங்களையும் உருக்காலைகளையும் மரம் வெட்டும் முகாம்களையும் மூடத் தொடங்கியது. ஏறக்குறைய 15,000 தொழிலாளர்களுக்கு வேலை போயிற்று. பனிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பிரட்டுக் களத்துக்குப் போனால் இனி வேலையே இல்லை என்று சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அந்த ஊர்.

நீதிமன்றப் படிக்கட்டில் நின்று ஹைன்சி பேசினார். 10,000 பேர் கூடியிருந்தார்கள். இன்று என்னை நசுக்குகிறவர்கள் நாளை உங்களை நசுக்குவார்கள் என்ற பொருள்படப் பேசினார். கூட்டம் கேட்டது, கை தட்டியது. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

நிறுவனத்தின் நிபந்தனை இதுதான்: நீதிபதி ஒருதலைப்பட்சமானவர் என்று தோன்றினால் வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றிக்கொள்ள ஒரு சட்டம் வேண்டும், அதற்கு ஆளுநர் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். ஆளுநர் ஜோசப் டூல் பணிந்தார். டிசம்பரில் சட்டமன்றம் கூடியது. சட்டம் நிறைவேறியது. நேயர்களே, அந்தச் சட்டம் தன்னளவில் கெட்ட சட்டம் அன்று. ஆனால் அது வந்த வழியைப் பாருங்கள். தொழிலாளியின் சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மாநிலத்தையே வளைக்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அதன் பிறகு நிறுவனத்துக்கு உறையில் பணம் வைக்கும் வேலை குறைந்தது. அதைவிட நல்ல வழி இருந்தது. பத்திரிகைகள்! மாநிலத்தின் பெரும்பாலான நாளிதழ்கள் நிறுவனத்தின் உடைமையாயின. நிறுவனத்துக்குப் பிடிக்காத செய்தி அவற்றில் வராது. மொன்டானாவின் கழுத்தில் செம்புப் பட்டை மாட்டியிருக்கிறது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆனாலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. சட்டமன்றத்தை எதிர்பார்க்காமல், கையெழுத்துத் திரட்டி மக்களே ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமையை 1906இல் பெற்றார்கள். 1912இல் அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். எந்த நிறுவனமும் எந்த வேட்பாளருக்காகவும் பணம் செலவழிக்கக் கூடாது என்ற சட்டம் மக்களின் வாக்கினாலேயே பிறந்தது. 1913இல் அமெரிக்க அரசியல் சாசனமும் திருத்தப்பட்டது. செனட் உறுப்பினரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை நாடெங்கும் வந்தது.

இன்னொரு நிகழ்ச்சியும் சொல்ல வேண்டும். 1921இல் ஆளுநரான ஜோசப் டிக்சன், சுரங்கங்கள் கட்டும் வரி மிகச் சொற்பம், கூட்ட வேண்டும் என்றார். நிறுவனத்தின் பத்திரிகைகள் அவரைக் கடித்துக் குதறின. 1924 தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் அதே நாளில், அதே வாக்குச் சாவடியில், சுரங்க வரியைக் கூட்டும் சட்டத்துக்கு மக்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். மனிதரைப் பற்றிப் பத்திரிகை சொன்னதை நம்பினார்கள்; வரியைப் பற்றித் தங்கள் அறிவையே நம்பினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனம் தன் நாளிதழ்களை விற்றது 1959இல். அனகோண்டா உருக்காலை 1980இல் மூடப்பட்டது. பியூட்டில் தோண்டிய மாபெரும் திறந்தவெளிச் சுரங்கத்தில் 1982இல் வேலை நின்றது. நீரிறைக்கும் இயந்திரங்களும் நின்றன. அந்தப் பள்ளம் இன்று நச்சு நீர் நிறைந்த ஏரியாகக் கிடக்கிறது. பணம் வந்த வழியே போய்விட்டது. பள்ளம் ஊர் மக்களுக்கு மிஞ்சியது.

கதை இத்துடன் முடியவில்லை. 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறுவனங்கள் தேர்தலில் தம் கருத்தைப் பரப்பத் தாமே செலவழிப்பதைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மொன்டானாவின் நீதிமன்றம், எங்கள் வரலாறு வேறு, எங்கள் 1912ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கும் என்று 2011இல் சொன்னது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. மக்கள் வாக்கினால் பிறந்த சட்டம், நூறாவது ஆண்டில் விழுந்தது.

யார் அனுப்பினார்கள் என்றே தெரியாத துண்டுப் பிரசுரங்கள் கிராமத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பெயரைப் பார்த்தால் நல்ல சங்கம் போலிருக்கும்; பின்னால் இருப்பவர் யாரென்று தெரியாது. தடுக்கத்தான் முடியாது, தெரிந்துகொள்ளவாவது வேண்டும் என்று மொன்டானா முடிவு செய்தது. தேர்தலில் செலவு செய்யும் குழுக்கள் பணம் வந்த வழியைக் காட்ட வேண்டும் என்று 2015இல் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து சட்டம் இயற்றினார்கள். பணம் ஓய்ந்துவிடவில்லை. 2024இல் அம்மாநிலத்தின் ஒரே ஒரு செனட் இடத்துக்காக இரு தரப்பும் சேர்ந்து 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. அதில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்த பணம்.

நேயர்களே, வெளிப்பணம் என்றால் எல்லாமே தீமை என்று நான் சொல்லவில்லை. வெளியார் பணத்தில்தான் சுரங்கமும் வந்தது, வேலையும் வந்தது. ஆனால் வேலை கொடுத்த கை, வாக்குச் சீட்டையும் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. ஆள் குறைந்த நாட்டுப்புறத்தில், வேறு வேலை இல்லாத ஊரில், ஒரே பத்திரிகை படிக்கும் வீட்டில் அது சுலபமாக நடந்தது. அதை எதிர்த்து நின்றவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்களும், வாக்குச் சாவடியில் வரிசையில் நின்றவர்களும்தான்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மொன்டானா என்ற பெயரையும் கேள்விப்பட்டதில்லை. அந்த அரிசியை அவர் சமைத்தார், நாங்களும் சாப்பிட்டோம். வாக்களித்துவிட்டு வந்த அன்று மாலை, யாருக்குப் போட்டீர்கள் என்று அப்பா கேட்டார். “அரிசிக்குப் போடல” என்றார் பாட்டி. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் வீட்டு வாசலுக்கும் ஏதாவது வந்து இறங்கினால், பிள்ளைகள் காதில் விழும்படி அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இது யார் வீட்டு அரிசி? பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கேட்கத் தெரிந்த பிள்ளைகள் வளர்வார்கள்.