தரங்கம்பாடியில் தீர்ந்துபோன காகிதம்

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து அச்சகம் ஒன்றுக்கு ஆன்லைன் ஆர்டர் சிஸ்டம் எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் பக்க எண்ணிக்கை, பிரதி எண்ணிக்கை போட்டால் விலை வரும், ஓகே சொன்னால் ஆர்டர் பதிவாகும். பின்னால் ஸ்டாக் கணக்கும் ஓடும். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அச்சக அண்ணனிடமிருந்து போன். "தம்பி, உன் கம்ப்யூட்டர்ல இருக்கற பேப்பர் எங்க குடோன்ல இல்லப்பா."

நடந்தது இதுதான். குடோனில் டபுள் டெமி மேப்லித்தோ 16 ரீம் இருந்தது. ஒரே நாளில் இரண்டு ஆர்டர்: ஒன்று பள்ளிப் பயிற்சிப் புத்தகம், இன்னொன்று கோவில் கும்பாபிஷேக மலர். இரண்டுமே 160 பக்கம், ஆயிரம் பிரதி. ஒரு டபுள் டெமி தாளில் 1/8 டெமி அளவுக்கு 32 பக்கம் வரும். ஆக பிரதிக்கு 5 தாள், ஆயிரத்துக்கு 5000 தாள், அதாவது 10 ரீம். ஓட்டத்தில் வீணாவது தனி. அச்சடித்து முடித்த பிறகுதான் என் புரோகிராம் ஸ்டாக்கைக் கழித்தது. அதனால் இரண்டு பேருக்கும் "16 ரீம் இருக்கிறது" என்று சத்தியம் செய்துவிட்டது. கும்பாபிஷேகத் தேதியைத் தள்ளிப்போட முடியுமா?

அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. பள்ளிக்காரரைக் கூப்பிட்டு எழுத்தை 12 பாயின்ட்டிலிருந்து 11 ஆக்கச் சம்மதம் வாங்கினார். 160 பக்கம் 144-க்குள் அடங்கிவிட்டது. ஒரு ரீம் மிச்சம். பாக்கியை சென்னை ஆண்டர்சன் தெருவில் கூடுதல் விலைக்கு வாங்கி வந்தார்.

எழுத்தைக் குறைத்துக் காகிதத்தைச் சமாளித்த இந்த வித்தையை வேறெங்கோ படித்திருக்கிறோமே என்று அன்று ராத்திரி தேடினேன். முந்நூறு வருஷம் பின்னால் போய் தரங்கம்பாடியில் நின்றேன்.

டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு, தமிழில் அச்சடிக்க ஆசைப்பட்டார். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சுப்பொறியை அனுப்பியது. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் ரியோ டி ஜனெய்ரோவில் பிடித்தார்கள். கூட வந்த அச்சர் ஜோனாஸ் ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். பொறி மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும், அச்சர் யோஹான் கோட்லீப் அட்லரும் வந்தார்கள்.

பொறி, எழுத்து, ஆள் மூன்றும் ரெடி. சிக்கல் காகிதத்தில். எல்லாமே கடல் தாண்டி வரவேண்டிய சரக்கு. தீர்ந்தால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு மேல், ஹாலே எழுத்துகள் ரொம்பப் பெரிசு. பக்கத்துக்குக் கொஞ்சம் வரிதான் பிடிக்கும். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அந்தப் பெரிய எழுத்திலேயே 1714-ல் வெளிவந்தன. மீதிப் புதிய ஏற்பாட்டுக்கு அட்லர் உள்ளூரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த செஷையர் பாலாடைக்கட்டியின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்பது பிரசித்தமான கதை. 1715-ல் வேலை முடிந்தது.

மென்பொருள்காரனாக எனக்கு இங்கே பிடித்தது வேறொன்று. எழுத்தும் ஒரு ஸ்டாக்தான், ஆனால் செலவாகாத ஸ்டாக். ஒரு பக்கத்தைக் கோத்தால் அந்த எழுத்துகள் அதிலேயே மாட்டிக்கொள்ளும். அச்சடித்துப் பிரித்து அறைகளில் போட்டால் திரும்பக் கிடைக்கும். காகிதம் அப்படியில்லை, போனது போனதுதான். அதனால்தான் அவர்கள் எழுத்தை மாற்றியதோடு நிற்காமல், பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே ஆரம்பித்தார்கள். அது நெடுநாள் ஓடவில்லை. கடுதாசிப்பட்டறை என்ற பெயர் மட்டும் அந்த இடத்துக்கு நிலைத்தது.

என் பிழைக்கு வருகிறேன். அதைத் திருத்தும் வழி தரங்கம்பாடியில் இல்லை, எங்கள் படாளம் சர்க்கரை ஆலை வாசலில் இருந்தது. இங்கே கரும்பு வயலில் நிற்கும்போதே ஆலையில் பதிவாகிவிடும். அந்தப் பதிவை வைத்துத்தான் கட்டிங் ஆர்டர் வரும். வெட்டுவது பிறகு, கணக்கு முதலிலேயே. சின்ன வயசிலிருந்து பார்த்த விஷயம், கோடு எழுதும்போது தோணவில்லை!

இப்போது ஸ்டாக்கில் மூன்று கட்டம்: குடோனில் இருப்பது, ஆர்டருக்கு ஒதுக்கியது, கடையிலிருந்து வரவேண்டியது. ஆர்டர் ஓகே ஆன நிமிஷமே காகிதம் ஒதுக்கப்படும். பேப்பர்காரர் கிலோவில் பில் போடுவார், மெஷின்காரர் தாளில் எண்ணுவார். இந்த இரண்டையும் ரீமுக்கு மாற்றுவதில்தான் பாதி கோடு போனது. இன்னொரு சின்ன வசதியும் சேர்த்தேன். காகிதம் பற்றாவிட்டால், எழுத்தை ஒரு பாயின்ட் குறைத்தால் எத்தனை பக்கம் மிச்சமாகும் என்று காட்டும். அந்தப் பட்டனுக்கு 'அட்லர்' என்று பேர் வைத்தேன்.

அண்ணன் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது யாருப்பா, உங்க மேனேஜரா?"