சுங்க மாளிகையிலிருந்து கல்பாக்கம் வரை: ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வல்லுநர்கள் வந்த வழி

ஒரு பொருள் நாட்டைவிட்டு வெளியே போகலாமா, போனால் யார் கையில் சேரும், அங்கே எதற்குப் பயன்படும் என்று ஆராய்ந்து சொல்வது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வல்லுநரின் வேலை. பொருள் ராணுவத் தளவாடமாகவோ, அணு ஆயுதத்துக்கோ ஏவுகணைக்கோ உதவக்கூடியதாகவோ இருந்தால் அந்த வேலையின் கனம் பன்மடங்கு கூடும். வழக்கறிஞருக்குச் சட்டக் கல்லூரி இருப்பதுபோல் இவர்களுக்கென்று ஒரே வாசல் அமையவில்லை. வேறு ஏதோ ஒரு தொழிலில் பல ஆண்டுகள் இருந்து, அங்கிருந்து நகர்ந்து வந்தவர்களே இதில் மிகுதி. சென்னைக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரியை நடுவில் வைத்துப் பார்த்தால் அந்தத் தொழில்கள் எல்லாமே கண்ணில் படும். வடக்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் ஏற்றுமதி மண்டலமும் மீனம்பாக்கம் விமானச் சரக்கு வளாகமும் இருக்கின்றன. தெற்கே மறைமலைநகரும் பரனூரில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியும். கிழக்கே இறங்கினால் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்று கடற்கரை நீள்கிறது. செங்கல்பட்டிலிருந்து புறப்படும் புறநகர் மின்ரயில் கூடுவாஞ்சேரியில் நின்று, கடற்கரை ஸ்டேஷனில் போய் முடிகிறது. அங்கிருந்து ராஜாஜி சாலையில் உள்ள சுங்க மாளிகை நடக்கும் தூரம்தான்.

துறைமுகத்தில் சரக்கை நிறுத்திப் பார்த்து முத்திரை இடுவது தமிழருக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அலுவலர் மூட்டைகளில் சோழரின் புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆனால் அது வரி வாங்குவதற்கான காவல். போகக்கூடாத பொருளைத் தடுப்பது வேறு கலை. அதற்குச் சரக்கையும் தெரிந்திருக்க வேண்டும், வாங்குபவரையும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தக் கரையில் இறங்கிய காலத்தில் இந்த அறிவு துபாஷிகளிடம் இருந்தது. டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி ஏற்றினார்கள். ஆஸ்டெண்ட் கம்பெனி கோவளத்தில் சில காலம் கடை விரித்தது. புனித ஜார்ஜ் கோட்டையிலோ கடல் வாசல் சுங்கத்துக்கென்றே கவுன்சில் உறுப்பினர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். அந்த வெள்ளைக்கார அதிகாரிக்கும் வணிகருக்கும் நடுவில் நின்று கணக்கு எழுதி, சரக்கை அடையாளம் சொல்லி, பேரம் முடித்தவர் துபாஷி. சென்னைத் துபாஷிகளில் பலருக்குச் செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்களில் வேர் இருந்தது. 1763இல் அந்தப் பகுதி கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்த பிறகு அவர்கள் செல்வாக்கு மேலும் வளர்ந்தது. 1790களில் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் அவர்களை எதிர்த்து மல்லுக்கட்டியதே அந்தச் செல்வாக்குக்குச் சான்று. துபாஷி உலகிலிருந்து வந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற சொத்து இன்றும் கல்லூரிகளாக நிற்கிறது.

துபாஷியின் இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளியரிங் ஏஜென்ட் எடுத்துக்கொண்டார். இத்தொழிலின் முதல் வாசல் அதுதான். 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம், சுங்க மாளிகையில் பிறர் சார்பில் வேலை பார்ப்பவர் லைசன்ஸ் பெற வேண்டும் என்றது. அதே ஆண்டு வந்த ஆயுதச் சட்டம் ஆயுதம், வெடிமருந்து ஆகியவற்றின் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் அனுமதியைக் கட்டாயமாக்கியது. சுதந்திரத்துக்குப் பின் 1962இன் சுங்கச் சட்டம் இந்த லைசன்ஸ் முறையைத் தொடர்ந்தது. 1984, 2004, 2013, 2018 என விதிகள் மாறி மாறி எழுதப்பட்டன. கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட், சுருக்கமாக சி.எச்.ஏ., என்று வழங்கிய பெயர் 2013இல் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆனது. பெயர் மாறினாலும் தொழில் கற்கும் முறை மாறவில்லை. பையன் ஒருவன் புரோக்கரின் ஊழியருக்கான எச்-கார்டோடு சேர்ந்து, ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்ரைசர் மேஜைக்கும் ஷெட்டுக்கும் நடையாய் நடப்பான். எக்சாமினர் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பான். பிறகு தேர்வு எழுதி ஜி-கார்டு வாங்குவான். புரோக்கர் லைசன்ஸுக்கான தேர்வை யார் எழுதலாம் என்று விதி சொல்வது கவனிக்கத்தக்கது: சட்டம், கணக்கு, நிர்வாகம் போன்ற தொழிற்படிப்பு உள்ள பட்டதாரி, அல்லது ஜி-கார்டோடு இரண்டாண்டு அனுபவம் உள்ள பட்டதாரி. சுங்கத் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவருக்கும் இடம் உண்டு. ஏட்டறிவும் ஷெட்டில் நின்ற அனுபவமும் சமம் என்று அரசே ஒப்புக்கொண்ட அபூர்வமான தொழில்களில் இது ஒன்று.

இரண்டாவது வாசல் போரினால் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வந்த வணிகக் கட்டுப்பாடுகள், 1947இல் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமாயின. சில ஆண்டுகளுக்கென்று கொண்டுவந்த சட்டம் 1992 வரை நீடித்தது. அந்தக் காலம் முழுவதும் 'ரெட் புக்' எனப்படும் கொள்கைப் புத்தகத்தை மனப்பாடமாக அறிந்தவருக்குக் கம்பெனிகளில் தனி மரியாதை. சென்னையில் அந்த வேலை நடந்தது நுங்கம்பாக்கத்து லைசன்ஸ் அலுவலகத்தைச் சுற்றி. 1992இல் புதிய அந்நிய வணிகச் சட்டம் வந்து, அலுவலகம் அந்நிய வணிகத் தலைமை இயக்குநரகமாக, பேச்சுவழக்கில் டி.ஜி.எஃப்.டி. ஆக, மாறியபோது லைசன்ஸ் ஆலோசகர்கள் பலருக்கு வேலை குறைந்தது. அவர்கள் கையில் இருந்த திறமை, அதாவது விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் கட்டுவது, ஆயுதங்களுக்கு உதவக்கூடிய பொருள்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் பிற்காலத்தில் தேவைப்பட்டது.

அந்தப் பட்டியலின் கதை குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் தொடங்குகிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதில் உள்ள தோரியம் அன்று கேஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. மணல் கப்பல் கப்பலாகப் போயிற்று. அணுகுண்டு வெடித்த பிறகு அதே மணல் வேறு பொருளாகிவிட்டது. மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அந்தச் சமஸ்தானத்தின் மோனசைட் ஏற்றுமதிமேல் கட்டுப்பாடு இறுகியது. 1948இல் இந்தியாவின் முதல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1953இல் இந்தியா சிறிதளவு தோரியம் நைட்ரேட்டைச் சீனாவுக்கு விற்றபோது, இத்தகைய விற்பனை செய்யும் நாட்டுக்கு உதவியை நிறுத்தச் சொன்ன 1951ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் குறுக்கே வந்தது. நேரு அமெரிக்க நிபந்தனைக்குப் பணிய மறுத்தார். நீண்ட பேச்சுக்குப் பின் சமரசம் ஏற்பட்டது. ஒரு மூட்டைச் சரக்குக்காக வேதியியலாளரும் வெளியுறவு அதிகாரியும் ஒரே கோப்பில் எழுத வேண்டிவந்தது அப்போதுதான். இன்று ஏற்றுமதி விண்ணப்பங்களை ஆராயும் அமைச்சகங்களுக்கிடையிலான குழுவின் வித்து அதில் இருக்கிறது.

மூன்றாவது வாசல் கல்பாக்கம். மற்ற இரண்டும் இந்தியாவை ஆண்ட அரசுகள் விதித்த கட்டுப்பாட்டால் உருவாயின. இங்கோ அயல்நாடுகள் இந்தியாமீது விதித்த கட்டுப்பாடு வல்லுநர்களை உருவாக்கியது. இந்தக் கடற்கரையின் வரலாற்றில் இதைவிடப் பெருமைப்படத்தக்க அத்தியாயங்கள் குறைவு.

1971இல் இங்கே உலை ஆராய்ச்சி மையம் அமைந்தது. பிரான்ஸின் ராப்சோதி உலையைப் போன்ற ஒரு வேக ஈனுலையை அந்நாட்டின் ஒத்துழைப்போடு கட்டுவது திட்டம். 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியாவின் அணுச் சோதனை நடந்தது. கனடா அணு ஒத்துழைப்பை நிறுத்தியது. பிரான்ஸிலிருந்து வர வேண்டிய செறிவூட்டிய யுரேனிய எரிபொருள் கிடைக்காமல் போயிற்று. இந்தியா போன்ற நாடுகளுக்கு அணுப் பொருள்கள் போகாமல் தடுக்கவே அணு வழங்குநர் நாடுகள் குழு உருவானது. கல்பாக்கத்து விஞ்ஞானிகள் உலகில் எங்கும் அந்த அளவில் பயன்படுத்தாத ஓர் எரிபொருளை, 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடும் 30 சதவீதம் யுரேனியம் கார்பைடும் கலந்ததை, எடுத்துக்கொண்டார்கள். 1985 அக்டோபர் 18 அன்று உலை தொடர்வினை நிலையை எட்டியது. அதே ஆண்டு மையத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் வைக்கப்பட்டது. பக்கத்திலேயே உள்நாட்டுத் தொழிற்சாலைகளின் உழைப்பால் எழுந்த சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983 ஜூலையில் தொடர்வினை நிலையை எட்டியிருந்தது.

இந்த ஆண்டுகளில் ஒரு வால்வோ, ஒரு வெற்றிடப் பம்போ வெளிநாட்டிலிருந்து வேண்டுமென்றால், அதன் எந்த அளவு எந்த நாட்டின் பட்டியலில் தடைக்கு உட்படுகிறது, இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழில் என்ன எழுதினால் சரக்கு வரும், வராவிட்டால் கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ யாரைக் கொண்டு செய்யலாம் என்பதைக் கொள்முதல் பிரிவும் பொறியாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1998 சோதனைகளுக்குப் பிறகு அமெரிக்க வணிகத் துறை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு சாதாரண அமெரிக்கக் கருவிக்கும் அனுமதி கேட்டு நிற்கும் நிலை. வாங்குகிறவராக இருந்து அயல்நாட்டு விதிகளை வரி வரியாகப் படித்த தலைமுறை இப்படி உருவானது. விதியால் அடிபட்டவரே விதியை முழுதாக அறிவார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இந்தியா தனக்கென்று பட்டியல் வகுத்தது 1995இல். 2000க்குள் அது 'ஸ்கோமெட்' என்ற பெயரில் விரிந்தது. 2000இல் ரசாயன ஆயுத ஒப்பந்தத்துக்கான சட்டமும், 2005இல் பேரழிவு ஆயுதங்களைத் தடுக்கும் சட்டமும் வந்தன. 2010இல் அந்நிய வணிகச் சட்டத்தில் இதற்கெனத் தனி அத்தியாயம் சேர்ந்தது. கருவியோடு தொழில்நுட்பமும் ஏற்றுமதியாகக் கணக்கிடப்பட்டதால், மென்பொருள் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதும் சட்டத்துக்குள் வந்தது. மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு இது நேரடி விஷயம்.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர் நல்ல உதாரணம். நூற்பாலை மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அது தேவை. கோவைப் பக்கம் எந்த எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த கருவி. வெளியீடு 600 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போய், அதிர்வெண் மிக நுட்பமாக நிலைநின்றால், யுரேனியம் செறிவூட்டும் சுழல்கருவியையும் அது ஓட்டும். எனவே அணு வழங்குநர் குழுவின் இருபயன் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. ஷிப்பிங் பில்லில் எழுதும் சுங்கக் குறியீடு கருவி எது என்று சொல்கிறது. அது என்னவெல்லாம் செய்யும் என்று சொல்வதில்லை. குறியீட்டை நன்கறிந்த ஜி-கார்டுக்காரர் தனியாக இதைப் பிடிக்க முடியாது, பொறியாளர் வேண்டும். பொறியாளர் தனியாக விண்ணப்பம் கட்ட முடியாது, லைசன்ஸ் வேலை தெரிந்தவர் வேண்டும். விண்ணப்பம் டில்லியில் அமைச்சகங்களுக்கிடையிலான குழுவுக்குப் போனால் அங்கே வெளியுறவு, அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு ஆராய்ச்சி ஆகிய துறைகளின் ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கும் விலக்கு முழுமையாக இல்லை. உள்நாட்டிலிருந்து மண்டலத்துக்குள் பட்டியல் பொருள் வர அனுமதி தேவையில்லை. மண்டலத்திலிருந்து வெளிநாடு போக அனுமதி வேண்டும். தாம்பரம் மண்டலம் 1984 முதல் இயங்குவதால், அங்கே வேலை பழகியவர்களுக்கு மண்டலத்தின் வாசலே ஒரு தேச எல்லை என்பது பழகிப்போன உண்மை.

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு அமைப்புகளிலும் இந்தியா சேரத் தொடங்கி, 2016 ஜூனில் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017 டிசம்பரில் வாசனார் ஏற்பாட்டிலும், 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியா குழுவிலும் உறுப்பினரானது. வாசனாருக்கு முன்பிருந்த கோகாம் 1949 முதல் 1994 வரை சோவியத் அணியைத் தடுத்த அமைப்பு. மேல்நாட்டு வல்லுநர்களில் மூத்த தலைமுறை அங்கே பயின்றது. 2017 மே மாதம் முதல் ஸ்கோமெட்டின் ஆறாம் பிரிவில் ராணுவத் தளவாடப் பட்டியல் நடைமுறைக்கு வந்து, அதற்கு அனுமதி தரும் பொறுப்பு பாதுகாப்பு உற்பத்தித் துறையிடம் சென்றது. அதோடு நான்காவது வகையினர் இத்தொழிலுக்குள் வந்தனர்: ஓய்வுபெற்ற ராணுவ, கடற்படை அதிகாரிகளும், ஆவடி டாங்கித் தொழிற்சாலை போன்ற இடங்களில் தர ஆய்வு செய்தவர்களும். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவற்றை முனைகளாகக் கொண்டது. நாட்டின் ராணுவத் தளவாட ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடி ரூபாயை எட்டியது.

இந்த ஏற்றுமதியில் ஈடுபடும் பெரிய கம்பெனிகளுக்குத் தனி அலுவலகம், தனி வழக்கறிஞர் உண்டு. பாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு முதல் ஆலோசகர் இன்றும் கிளியரிங் ஏஜென்டே. அவரிடம் கல்பாக்கத்துக் கொள்முதல் பிரிவு சேர்த்த அறிவு போய்ச் சேர ஏற்பாடு வேண்டும். ஓய்வுபெற்ற அந்தப் பொறியாளர்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வாழ்கிறார்கள். மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளும் ஏற்றுமதியாளர் சங்கங்களும் அவர்களை அழைத்துக் கேட்டுப் பதிவு செய்வது அவசரமான வேலை.

அமெரிக்கா 2025 ஜனவரியில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதோடு நீக்கப்பட்டவை பாபா அணு ஆராய்ச்சி மையமும், மணவாளக்குறிச்சி மணலை எடுக்கும் இந்திய அருமண் நிறுவனமும்.