நினைவாற்றலும் புழுங்கல் அரிசியும்



பிள்ளைகளின் தேர்வு நெருங்கும்போது பெற்றோர் பலர் கடைக்கு விரைகிறார்கள். வல்லாரை மாத்திரை, நீர்ப்பிரமி லேகியம், கிங்கோ இலைச் சாறு, பல உயிர்ச்சத்துகள் கலந்த மாத்திரை என்று எத்தனையோ சரக்குகள் 'ஞாபக சக்தி' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இவற்றுள் எது மூளைக்கு உண்மையில் உதவும்? விடை தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நாம் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

1857ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியாக வந்து அம்பாங்கில் ஈயம் தோண்ட இறங்கினார்கள். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் பெரும்பாலோர் மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியானார்கள். ஆயினும் சுரங்கங்கள் பெருகின. அவற்றோடு மற்றொரு நோயும் பெருகியது. அதுதான் பெரிபெரி. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், நடை தள்ளாடும், முடிவில் இதயம் தளர்ந்து உயிர் போகும்.

சுரங்கத்துச் சீனர்களை வாட்டிய இந்நோய், தோட்டத்துத் தமிழர்களை அரிதாகவே தொட்டது. இதற்குக் காரணம் என்ன? உண்ணும் அரிசியில்தான் வேறுபாடு என்று, நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி!

1905ஆம் ஆண்டில் டாக்டர் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுக்கப்பட்டன. பச்சரிசி உண்டவர்களுள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர்களுள் ஒருவர்கூட அந்நோயால் சாகவில்லை. இத்தகைய சோதனையை இன்று எவரும் அனுமதிக்க மாட்டார்கள். பேசவியலாத அந்த நோயாளிகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, தீட்டும்போது போய்விடும் தவிட்டில்தான் காக்கும் சத்து உள்ளது என்று காட்டினர். அச்சத்தே இன்று உயிர்ச்சத்து பி1 எனப்படும் தையமின். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்த விஞ்ஞானம் அறியாமலே நம் பாட்டிமார் நெல் அவித்து வந்தார்கள்.

நினைவாற்றலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உணவிலிருந்து மூளையும் நரம்பும் ஆற்றல் பெறத் தையமின் தேவை. அது மிகவும் குறைந்தால் நினைவே அழியும். சம்சு போன்ற மதுவுக்கு அடிமையானவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. சரியாக உண்ணாமல் குடிப்பதால் சத்து உடலில் சேர்வதில்லை. நேற்று நடந்தது மறந்துபோகும். நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். 1887இல் கோர்சகாப் என்ற ரஷ்ய மருத்துவர் இந்நிலையை விவரித்தார். காலத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தையமின் ஊசி போட்டால் பலரைக் காப்பாற்றலாம். காலம் கடந்தால் இழந்த நினைவு முழுதும் திரும்புவது அரிது.

இந்த வரலாறு சொல்லும் பாடம் இதுதான்: குறைந்த சத்தை நிரப்பினால் மூளை தேறும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழிந்தோடுமே தவிர, குடம் பெரிதாகாது. இரத்தசோகையால் சோர்ந்து பாடத்தில் கவனமின்றி இருக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்து உதவும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாய்க்கு அயோடின் வேண்டும். குறை இல்லாதவருக்கு அதே மாத்திரைகள் புத்தியைக் கூட்டுவதில்லை. இரும்புச்சத்து அளவு மீறினால் கேடும் செய்யும்.

மூலிகைகள் எப்படி? நீர்ப்பிரமியைச் சில வாரங்கள் தொடர்ந்து உண்டால் நினைவு சற்றுக் கூடுவதாகச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன; வயிற்றுக் கோளாறும் வரலாம். 3,000க்கும் மேற்பட்ட அமெரிக்க முதியவர்களிடம் நடந்த ஆய்வில் கிங்கோ மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் தெரிந்தது. மலாய்க்காரர்கள் பெகாகா என்று உண்ணும் வல்லாரை நல்ல கீரை. ஆயினும் பரீட்சையில் வெற்றி தரும் என்பதற்குச் சான்றில்லை. காப்பி உறக்கத்தை விரட்டும், படிக்காததை நினைவூட்டாது.

ஆகவே நேயர்களே, மாத்திரைக்குக் காசு கொடுக்குமுன் பிள்ளையின் தட்டைப் பாருங்கள், உறக்கத்தைப் பாருங்கள். சோர்வு நீடித்தால் மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எந்தச் சத்து குறைந்துள்ளது என்று தெரிந்த பிறகே மருந்தைத் தேடுங்கள்.